களைத்த கால்களுக்கு ஒரு பிடி புதினா

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தச் சிரசையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, விடியற்காலை தொடங்கி இரவு படுக்கப் போகும் வரை நடமாடுகிறவை நம்முடைய இரண்டு கால்கள்தாம். தலைக்கு எண்ணெய் வைக்கிறோம். முகத்துக்குப் பவுடர் பூசுகிறோம். கைக்கு வளையல் போட்டு அழகு பார்க்கிறோம். கால்களுக்கு என்ன செய்கிறோம்? முள் குத்தினால் பிடுங்கி எறிகிறோம். வலித்தால் தைலம் தேய்க்கிறோம். அதோடு சரி.

தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்குக் காலின் அருமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருட்டு விலகுமுன் பெரட்டுக்குப் போய், பனி நனைத்த புல்லில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகிறவர்கள் நீங்கள். செம்பனைக் காட்டில் குலை வெட்டுவதும், உதிரிப் பழம் பொறுக்குவதும், மட்டை அடுக்குவதும், மருந்து தெளிப்பதும் நாள் முழுவதும் ரப்பர் பூட்ஸுக்குள் கால் வெந்து கிடக்கும் வேலைகள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டவர்களுக்கும் கால்வலி விடுதலை கொடுக்கவில்லை. தொழிற்சாலையிலே நின்றபடி வேலை. சாப்பாட்டுக் கடையிலே ஈரத் தரையில் வேலை. பாதுகாவலர் வேலை என்றால் இரவெல்லாம் சப்பாத்தைக் கழற்ற முடியாது.

இப்படி உழைத்த கால்களுக்கு, வீட்டு வாசலில் ஒரு பால்மாவு டின்னில் வளர்க்கக்கூடிய புதினாவைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் காண்போம். புதினாவால் ஆகாத காரியங்கள் எவை என்பதையும் சேர்த்தே காண்போம். இந்த இரண்டாவது பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு காலைக் காப்பாற்றக்கூடிய செய்தி அதில்தான் இருக்கிறது.

குளிர்ச்சியின் இரகசியம்

புதினா நமக்குப் புதியதல்ல. பிரியாணியில் போடுகிறோம், துவையல் அரைக்கிறோம். பினாங்கு அசாம் லக்சாவின் மேல் தூவுகிறார்களே, அதுவும் இதே இலைதான். மலாய்க்காரர்களும் இதைப் 'புடினா' என்றே சொல்வதால் பாசாரில் கேட்டு வாங்கச் சிரமமே இல்லை.

புதினாவில் பல சாதிகள் உண்டு. நாம் துவையலுக்கு வாங்கும் புதினாவின் மணத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கார்வோன் என்னும் பொருள். 'சில்' என்ற குளிர்ச்சியைத் தருகின்ற மெந்தால் அதில் மிகக் கொஞ்சம்தான். மெந்தால் மிகுதியாக உள்ளது வேறு சாதிப் புதினா. அதை இந்தியாவில், குறிப்பாக உத்தரப் பிரதேசத்தில், ஏக்கர் கணக்கில் பயிரிட்டு எண்ணெய் வடிக்கிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் தைலங்களுக்குக் குளிர்ச்சி தருவது இந்த மெந்தால்தான். 1928இல் சிங்கப்பூரில் பிறந்து, தமிழர் வீடு தவறாமல் நுழைந்துவிட்ட கோடாலித் தைலத்திலும் மெந்தால் இருக்கிறது. அதனால்தான் புதினா நீரில் கால் வைத்தால் மெல்லிய சுகமும், தைலம் தேய்த்தால் 'சுரீர்' என்ற குளிர்ச்சியும் கிடைக்கின்றன.

இந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? மெந்தால் தோலை உண்மையில் குளிர வைப்பதில்லை. நம் தோலின் நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்றே சிறு வாயில்கள் உள்ளன. குளிர்ந்த நீர் பட்டால் அவை திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். மெந்தால் பட்டாலும் அதே வாயில்கள் திறந்துகொள்கின்றன. மூளையும் 'குளிர்கிறது' என்று நம்பிவிடுகிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே ஆராய்ந்து 2002இல் இந்த வாயிலைக் கண்டறிந்தார்கள். சூட்டையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை விளக்கியதற்காக 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், புதினாவின் வேலை என்ன என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. அது களைப்பை ஆற்றும். எரிச்சலைச் சற்று மறக்கச் செய்யும். நாற்றத்தை மணத்தால் மூடும். புண்ணுக்குள் இருக்கும் கிருமியை அது துரத்திவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. வலி குறைந்தது வேறு, நோய் குணமானது வேறு.

முதலில் கழுவுங்கள்

புதினாவைத் தொடுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்ததும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். மருந்து தெளித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பூட்ஸுக்குள் வழிந்த மருந்து காலில் இருக்கும்போதே வெந்நீரில் காலை ஊற வைத்தால், நஞ்சைக் காலோடு சேர்த்து ஊற வைத்தது போலாகிவிடும்.

கழுவிய பின் துணியால் ஒற்றித் துடையுங்கள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துத் துடைக்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பூஞ்சை ஈரத்திலும் வெப்பத்திலும்தான் செழிக்கும். நாள் முழுவதும் பூட்ஸுக்குள் இருந்த விரலிடுக்கை ஈரத்தோடு விட்டுவிட்டால், அதுவே அதற்கு விதைப்பு நிலம்.

புதினாக் கால் நீர்

களைத்த கால்களுக்கு இதுவே எளிய வைத்தியம். செய்முறை:

இரண்டு கைப்பிடிப் புதினாவைத் தண்டோடு நன்றாக அலசி, கையால் கசக்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகு இலையைப் போட்டு மூடி வையுங்கள். இலையைப் போட்டுக் கொதிக்க விட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய் அடுப்படிதான் மணக்கும். உங்கள் காலுக்கு ஒன்றும் மிஞ்சாது. பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, ஒரு பேசனில் ஊற்றி, கணுக்கால் முங்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி உப்பும் சேர்க்கலாம்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதே போல் பாருங்கள். முழங்கை சுட்டால் காலை வைக்காதீர்கள்.

பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். நேரம் கூடக்கூட நல்லது என்று நினைத்து மணிக்கணக்கில் ஊற வைக்கக் கூடாது. அதிகம் ஊறிய தோல் தன்னுடைய இயற்கை எண்ணெயை இழந்து, காய்ந்ததும் முன்னைவிட மோசமாக வெடிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் போதுமானது. ஒருவர் கால் வைத்த தண்ணீரில் இன்னொருவர் வைக்க வேண்டாம். ஒருவர் காலில் உள்ள பூஞ்சை குடும்பத்துக்கே பரவ அது வழியாகிவிடும். துடைக்கும் துணியும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

பித்தவெடிப்புக்கு

வெறுங்காலோடும் பின்புறம் திறந்த சிலிப்பரோடும் நடக்கிறவர்களுக்குக் குதிகால் தடித்துப் பாளம் பாளமாக வெடிக்கும். இதைப் பித்தவெடிப்பு என்று சொன்னாலும் பெரும்பாலும் பித்தம் காரணமல்ல. தோல் வறண்டு தடித்துப்போய், உடலின் பாரத்தைத் தாங்க முடியாமல் பிளந்துகொள்கிறது. எனவே வைத்தியமும் இரண்டுதான்: தடிப்பைக் குறைப்பது, ஈரப்பசையைக் காப்பது.

புதினா இலையை மைய அரைத்து ஒரு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனியும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் குழையுங்கள். மேலே சொன்ன புதினா நீரில் கால் வைத்து எடுத்த பிறகு, இந்தக் குழம்பைக் குதிகாலில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பீர்க்கங்காய் நார் இருந்தால் அதைக் கொண்டும் தேய்க்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் உரித்தெடுக்க முயலாதீர்கள். வாரம் ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும்.

காலைத் துடைத்த உடனே, தோலில் சற்று ஈரம் இருக்கும்போதே, குதிகாலில் தேங்காய் எண்ணெயோ வேஸ்லினோ தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். உண்மையில் வெடிப்பை மூட வைப்பது இந்தப் பகுதிதான். புதினாவை அரைத்துப் போட்டுவிட்டு எண்ணெய் தடவாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகும்.

இரத்தம் கசியும் அளவுக்கு வெடித்திருந்தால் சீனி, உப்பு, புதினா, தைலம் எதையும் அதன் மேல் போடாதீர்கள். பிளேடாலும் பால் வெட்டும் உளியாலும் தடித்த தோலைச் சீவுகிறவர்கள் உண்டு. கால் ஆணியையும் அப்படித்தான் தோண்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த உளியில் எத்தனை மரத்தின் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பது வெட்டுகிறவருக்குத் தெரியாததா?

புதினா எண்ணெய்

ஒரு கட்டுப் புதினாவைக் கழுவித் துடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். இலை சருகாக நொறுங்க வேண்டும். பச்சை இலையைப் போட்டால் அதிலுள்ள தண்ணீரால் எண்ணெய் பூசணம் பிடித்துவிடும். உலர்ந்த இலையை நொறுக்கி ஒரு கப் தேங்காய் எண்ணெயில் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள வேறொரு சட்டிக்குள் அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெயை நேராக அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். ஆறியதும் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வையுங்கள். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வாசம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

இரவு படுக்குமுன் இந்த எண்ணெயைக் கையில் எடுத்து, குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு கணுக்காலிலிருந்து ஆடுசதை வரை மேல்நோக்கி நீவுங்கள். நாளெல்லாம் நின்றவர்களுக்குக் காலில் தேங்கிய நீர் மேலேறவும், இறுகிய சதை தளரவும் இது உதவும். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தேய்த்த காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் வழுக்கி விழ நேரிடும். வயதானவர்களுக்குக் கட்டிலில் உட்கார வைத்துத் தேய்த்துவிட்டு, அதிகப்படியை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பூட்ஸ் நாற்றம் போக

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. வியர்வையில் ஊறிய தோலைத் தின்று பெருகும் நுண்கிருமிகள்தாம் நாற்றத்தை உண்டாக்குகின்றன. ஆகவே ஈரத்தைப் போக்கினால் நாற்றம் பாதி போய்விடும்.

வேலை முடிந்ததும் பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தாளை எடுத்துவிட்டு, வெயிலும் காற்றும் படும்படி பூட்ஸைச் சாய்த்து வையுங்கள். உலர்ந்த புதினாச் சருகோடு சோடா மாவைக் கலந்து, சிறு துணியில் முடிச்சுக் கட்டி, காய்ந்த பூட்ஸுக்குள் இரவில் போட்டு வைத்தால் மிச்சமிருக்கும் வாடையும் அடங்கும். காலுறை இரண்டு மூன்று சோடி வைத்துக்கொண்டு தினமும் துவைத்ததைப் போடுங்கள். பகல் இடைவேளையில் ஒரு முறை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

காலையில் பூட்ஸ் போடுமுன் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கும் பழக்கம் தோட்டத்தில் எல்லாருக்கும் உண்டு. பூரானும் தேளும் இருக்கும் என்ற பயத்தால் வந்த பழக்கம் அது. அதோடு உள்ளே கையை விட்டுத் தடவியும் பாருங்கள். சிறு கல்லோ, உள்ளே துருத்திய முள்ளோ இருந்தால் கைக்குத் தட்டுப்படும்.

வாசலில் ஒரு டின் போதும்

பாசாரில் வாங்கும் புதினாக் கட்டிலிருந்து தடித்த தண்டுகள் நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்ற மறக்காதீர்கள். கொசு முட்டையிட அந்த ஒரு கிளாஸ் தண்ணீரே தாராளம்.

பால்மாவு டின்னின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி நட்டு விடுங்கள். காலை வெயில் பட்டு, உச்சி வெயில் படாத இடம் இதற்கு ஏற்றது. கேமரன் மலையின் குளிரில் புதினா தானே படரும். கீழ்நாட்டு வெயிலில் நிழலும் ஈரமும் நாம்தான் கொடுக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைத்துக்கொண்டு வரும். கால்வாய் ஓரத்திலும், புல் மருந்து அடிக்கும் இடத்துக்கு அருகிலும் வைக்காதீர்கள்.

பாட்டன் காலத்துப் பாடம்

நம் பாட்டன்மார் வெறுங்காலோடு காட்டை அழித்தார்கள். வெறுங்காலோடு பால் வெட்டினார்கள். அந்த வெறுங்கால் வழியாக அவர்களுக்குள் புகுந்த பகை ஒன்று உண்டு. அதுதான் கொக்கிப்புழு. நோயாளியின் மலத்தோடு வெளியாகும் முட்டை, நிழலான ஈர மண்ணில் பொரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கடைசியில் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்து, முகம் வெளுத்து, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவரைச் சோம்பேறி என்று திட்டிய காலமும் உண்டு.

1915க்கும் 1917க்கும் இடையில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு ஒன்று கீழ்த்திசை நாடுகளில் இந்த நோயை ஆராய்ந்தது. அந்த நாடுகளில் மலாயாவும் ஒன்று. தோட்டத் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழு எவ்வளவு பரவிக் கிடந்தது என்பது அக்காலத்து ஆய்வுகளில் வெளிப்பட்டது. அந்தப் பகையை விரட்டியவை எவை? ஒழுங்கான கழிவறை, புழு மருந்து, காலுக்குச் சப்பாத்து. காலில் பூசும் எந்த இலையும் எந்தத் தைலமும் அதைச் செய்யவில்லை. நல்ல பூட்ஸ் ஒரு சோடி வாங்கும் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இந்தப் பழைய கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குப் புதினாவை நம்பாதீர்கள்

விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, அரிப்பெடுத்தால் அது சேற்றுப்புண். புதினா நீரில் வைத்தால் அரிப்பு சற்று அடங்கியது போலிருக்கும். பூஞ்சை அங்கேயேதான் இருக்கும். மருந்துக்கடையிலோ கிளினிக்கிலோ பூஞ்சைக்கென்று உள்ள களிம்பைக் கேட்டு வாங்கிப் பூசுங்கள். பார்வைக்கு ஆறிவிட்டது என்று நாலு நாளில் நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை பூச வேண்டும்.

செம்பனை முள் ஆழமாகக் குத்தி, நுனி உள்ளேயே முறிந்து போனால் ஊசியால் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய், தசைவாத ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தசைவாதக் கிருமி மண்ணில் இருப்பது.

காலில் வெட்டுக்காயமோ வெடிப்போ இருக்கும்போது, எலி நடமாடும் செம்பனைக் காட்டின் தேங்கிய தண்ணீரில் இறங்க நேர்ந்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. எலியின் மூத்திரத்தில் உள்ள கிருமி காயத்தின் வழியாக உள்ளே போகும். இரண்டு நாளிலும் வரலாம். சில வாரம் கழித்தும் வரலாம். கடும் காய்ச்சல், ஆடுசதை வலி, கண் சிவப்பு என்று கண்டால் 'உடம்பு வலி' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் போய், எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தைலத்திலும் கவனம் வேண்டும். புண்ணிலும் வெடிப்பிலும் தைலம் தடவக் கூடாது. தைலம் தேய்த்த இடத்தைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும், அதன் மேல் சூடு வைப்பதும் தோலை வேகவைத்துவிடும். பல தைலங்களில் மெந்தாலோடு மீதைல் சலிசிலேட் என்ற பொருளும் இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை அள்ளித் தேய்த்துக்கொள்ளக் கூடாது. கைக்குழந்தைக்குச் சளி என்று மூக்கிலோ நெஞ்சிலோ மெந்தால் தைலம் தடவவே கூடாது. மூச்சுத் திணறல் வந்துவிடும். தைலப் புட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை சொன்னவை நல்ல காலுக்கான வைத்தியங்கள். இனி சொல்லப் போவது நம்மில் பலருக்கும் வேண்டியது.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு நோய் இருக்கிறது. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதை முந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்களும் பலர்.

இனிப்புநீர் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறையும். அந்தக் காலில் முள் குத்தினாலும் தெரியாது. வெந்நீர் சுட்டாலும் தெரியாது. சப்பாத்துக்குள் கிடக்கும் கல்லோடு நாள் முழுவதும் நடந்துவிட்டு, இரவில் காலுறையில் இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. வலி என்பது உடம்பு வைத்திருக்கும் காவற்காரன். காவற்காரன் தூங்கிவிட்ட வீட்டில் சின்னப் புண்ணும் சத்தமில்லாமல் எலும்பு வரை போகும். விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்த கதைகளில் பல இப்படித்தான் தொடங்கின.

சிலருக்குக் கால் மரத்துப்போவதோடு எரிச்சலும் இருக்கும். இரவில் உள்ளங்கால் தீப்பட்டது போல எரியும். அப்போது மெந்தால் தைலம் தடவினால் குளிர்ச்சியாக இருக்கிறது, தூக்கமும் வருகிறது. 'சரியாகிவிட்டது' என்று கிளினிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஆபத்து இங்கேதான். முன்னே சொன்னோம் அல்லவா, மெந்தால் நரம்பு நுனியில் குளிர் என்ற செய்தியை மட்டும் எழுப்புகிறது. நரம்பு கெட்டுக்கொண்டே போவதை அது தடுப்பதில்லை. எரிச்சல் என்பது 'கவனி' என்று கால் கொடுக்கும் கடைசிக் குரலாகவும் இருக்கலாம்.

எனவே இனிப்புநீர் உள்ளவர்கள் புதினா நீரில் காலை ஊற வைக்க வேண்டாம். உப்பு நீரிலும் வெந்நீரிலும் வேண்டாம். சீனி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். புதினா மணம் வேண்டுமென்றால் துவையலாகச் சாப்பிடுங்கள். ஒரு குறைவும் இல்லை. காலுக்கு நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுச் சட்டென்று கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். வறண்ட இடத்தில் எண்ணெயோ களிம்போ தடவுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். நகத்தை மூலையில் குடையாமல் நேராக வெட்டுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோயிலுக்குப் போகும்போது வெயில் ஏறிய வெளிப்பிராகாரத்தில் வெறுங்காலை வைக்குமுன் யோசியுங்கள். சூடு தெரியாத கால் வெந்து கொப்பளித்த பிறகே கண்ணுக்குத் தெரியும்.

கொப்புளம், நிறமாற்றம், வீக்கம், கசிவு, சின்னப் புண் எதுவானாலும் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் கிளினிக்குக்குப் போங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது காலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான், வலியும் இல்லை.

மாலையில் பத்து நிமிடம்

புதினா நீர் வைத்தியத்தில் இலையின் பங்கு ஒரு பங்கு என்றால், உட்காருவதன் பங்கு இன்னொன்று. பேசனில் காலை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருகிறபோதுதான் பலர் முதல் தடவையாகத் தம் பாதத்தை நிதானமாகப் பார்க்கிறார்கள். எங்கே தடித்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது, எந்த நகம் கறுத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியவரும். இனிப்புநீர் உள்ளவர்கள் பேசனை விட்டுவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கணவர் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கிறீர்கள். பிள்ளைகளின் சப்பாத்தைத் துடைக்கிறீர்கள். உங்கள் குதிகால் வெடிப்பில் சேலைக்கரை மாட்டி இழுத்தாலும் 'அது கிடக்கட்டும்' என்று போய்விடுகிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதாவது அந்தப் பேசன் உங்களுக்காக இருக்கட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குகிறீர்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்தக் காலை ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தாத்தாவுக்கும் பாட்டிக்கும் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் கண் தெரியாது. இன்று மாலை அவர்களை உட்கார வைத்து, காலைக் கழுவி, துடைத்து, விரல் விரலாகப் பாருங்கள். புண் ஒன்று கண்ணில் பட்டால் மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.